பெல்ட்டுக்கு வைத்த சந்தனம்

எங்கள் மில்லின் வாசலில் 'நல்லகாமன் ரைஸ் மில்' என்று தகரப் பலகை தொங்கியது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. சோழவந்தான் ரோட்டில் நெல் ஏற்றி வருகிற வண்டிக்காரர்களுக்கெல்லாம் அது கப்பல் மில்தான். வைகையில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தாலே ஊர் கூடி வேடிக்கை பார்க்கும், இங்கே எங்கிருந்து வந்தது கப்பல் என்று வெளியூர்க்காரன் எவனாவது கேட்டால் அவனை என்னிடம் அனுப்பிவிடுவார்கள். மில் எஞ்சினுக்கு டிரைவர் நான். பெயர் சோணை.

தூத்துக்குடித் துறையில் தோணிகளைக் கட்டி இழுக்கிற லாஞ்ச் ஒன்றில் இருந்த எஞ்சின் அது. லாஞ்ச் பாறையில் மோதி அடிப்பக்கம் பிளந்தபோது, மிஞ்சியது எஞ்சின் மட்டும். முதலாளி நல்லகாமன் அதை ஏலத்தில் எடுத்து ரயிலேற்றிக் கொண்டுவந்தார். லாஞ்சில் அதற்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த நானும் சீதன மாடு மாதிரி அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தேன். தண்ணீரைத் தள்ளும் விசிறி இருந்த தண்டில் ஆள் உயரப் புல்லிச் சக்கரம் ஒன்றைப் பூட்டினோம். அதிலிருந்து ஒரு தோல் பெல்ட், அந்தப் பக்கம் நெல் குத்தும் மெஷினுக்குப் போயிற்று. அவ்வளவுதான் கப்பல்.

தண்ணீரைத் தள்ளப் பிறந்த எஞ்சினை நிலத்தில் கட்டிப் போட்டால் அதற்குக் கோபம் வரத்தான் செய்யும். தண்ணீர் விட்டுக்கொடுக்கும், நெல் மெஷின் விட்டுக்கொடுக்காது. ஒவ்வொரு வெடிக்கும் எஞ்சின் கொடுக்கிற உதை அத்தனையும் நடுவில் கிடக்கிற பெல்ட்டில்தான் இறங்கும். முப்பது அடி நீளம், எட்டு அங்குல அகலம், இரட்டைத் தோல். அதன் இரண்டு முனையும் சேருகிற இடத்தில் பக்கத்துக்கு ஏழு துளை போட்டு, ஊறவைத்த தோல் வாரால் குறுக்காக இழுத்துத் தைத்திருக்கும். தையல் என்போம் அதை. அது ஓட்டத்தில் விட்டுப்போனால் பெல்ட்டின் முனை எந்தப் பக்கம் வீசும் என்று யாராலும் சொல்ல முடியாது. லாஞ்சில் ஒரு முறை பம்பு பெல்ட் அறுந்து, ஒருவனுடைய தாடையைப் பெயர்த்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது இதில் கால்வாசி அகலம்கூட இல்லை.

அந்தப் பெல்ட்டுக்குக் காவல் தவசி, என் தங்கச்சி முத்துத்தாயின் புருஷன். சம்பந்தத்தை நான்தான் பேசி முடித்தேன், வேலையும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். குறை சொல்ல முடியாத வேலைக்காரன். தினம் காலையில் நான் எஞ்சினைக் கிளப்புமுன் வீலைக் கையால் மெல்லச் சுற்றி, பெல்ட் முழுவதையும் ஒரு தரம் உள்ளங்கை மேல் ஓடவிடுவான். அங்கங்கே வளைத்துப் பார்ப்பான். தோலில் வெடிப்பு இருந்தால் வளைக்கும்போது வாயைத் திறக்கும். காய்ந்திருந்தால் விளக்கெண்ணெய் தடவுவான். கடைசியில் தையலுக்கு வந்து, துளை துளையாக விரலை வைத்துப் பார்ப்பான். பெல்ட் வழுக்கினால் மற்ற மில்களில் பிடிப்புக்குக் குங்கிலியப் பொடியை வீசிச் சமாளிப்பார்கள். தவசி அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டான். களைத்த மாட்டுக்குக் கள்ளை ஊற்றி வண்டியில் பூட்டுகிற வேலை அது என்பான்.

அவனுக்கு விரல், எனக்குக் காது. தையல் புல்லி மேல் ஏறி இறங்கும்போது ஒரு 'டக்' கேட்கும். சத்தம் ஒன்றாக இருக்கிறவரை எனக்குக் கவலையில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்து மூன்றாம் வருஷம் அது. நல்ல தோலெல்லாம் பட்டாளத்து பூட்ஸுக்குப் போய்விட்டது. புதுப் பெல்ட் வேண்டும் என்று சிம்மக்கல்லில் கடை கடையாகக் கேட்டுப் பார்த்தும் சாண் தோல் கிடைக்கவில்லை. இருந்த பெல்ட்டை மூன்று தரம் வெட்டித் தைத்து, இனி வெட்டினால் எட்டாது என்கிற அளவுக்கு வந்திருந்தோம். புரட்டாசியில், ஆயுத பூசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது 'டக்' என்பது 'டடக்' என்று கேட்டது. நான் எஞ்சினை நிறுத்தினேன். தவசி விரலை வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். ஓரத்துத் துளை கிழிந்து முனைவரை வந்துவிட்டது. அடுத்த இரண்டும் சட்டைப் பொத்தான் துளை மாதிரி நீண்டிருந்தன. ஏழில் நான்குதான் வேலை செய்தன.

பழைய பெல்ட்டில் நல்லதாக ஒரு முழம் அவன் பத்திரப்படுத்தி வைத்திருந்தான். கெட்டதை வெட்டிவிட்டு, அதை ஒரு முனையில் சீவிப் பசையால் ஒட்டி, மறு முனையோடு தைத்தால் தீர்ந்தது. அரை நாள் வேலை. இரண்டு பேரும் முதலாளியிடம் போய்ச் சொன்னோம்.

நல்லகாமன் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். கூலிக்காரன் வீட்டுச் சாவுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் நிலத்தில் உழுது வளர்ந்தவர். மாடு படுத்துக்கொண்டால்தான் அவர் கணக்கில் அது நோவு, நிற்கிற மாட்டுக்கு நோவு உண்டு என்று நம்ப மாட்டார். சர்க்காருக்கு அனுப்ப வேண்டிய அரிசி பாக்கி நிற்கிறது, முற்றத்தில் நெல் குவிந்து கிடக்கிறது, ஒரு மணி நேரம்கூட நிறுத்த முடியாது என்றார். பிறகு அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பூசையன்னைக்கு எஞ்சின் நிக்கும்ல? அன்னைக்கு வச்சுத் தச்சுக்கங்க" என்றார்.

நாங்கள் சரி என்றோம். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது. ஆயுத பூசையன்று எஞ்சின் நிற்கும்தான். ஆனால் குத்தூசியும் கத்தியும் உளியும் முதல் நாள் சாயங்காலமே சாமி முன்னால் ஏறிவிடும். மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூசை முடிகிறவரை அதைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த வருஷம் முழுக்கக் கைக்கு வேலை இருக்காது என்பார்கள். மில்லில் பிறந்த பூனைக்கும் தெரிந்த சங்கதி இது. முதலாளிக்குத் தெரியும், தவசிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மூன்று பேரும் தெரியாதவர்கள் மாதிரித் தலையாட்டிவிட்டுக் கலைந்தோம்.

அந்த இரண்டு நாளும் நான்கு துளையிலேயே ஓட்டினோம். பூசைக்கு முதல் நாள் சாயங்காலம் எஞ்சின் நின்றவுடன் தவசி குத்தூசியை எடுத்தான். ஓரத்தையாவது இழுத்துக் கட்டிவிடலாம் என்று பார்த்தான். அதற்குள் முதலாளியம்மா தாம்பாளத்தோடு வந்து நின்றுவிட்டார்கள். அந்த அம்மாளிடம் தோல் கிழிந்த கதையையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? ஊசியைக் கழுவித் துடைத்துத் தாம்பாளத்தில் வைத்தான்.

பூசையன்று எஞ்சினுக்குத் துளசி மாலை, வீலுக்குத் திருநீற்றுப் பட்டை, எண்ணெய் டப்பாவுக்குக்கூடப் பொட்டு. சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு தவசி பெல்ட்டிடம் போனான். தையல் இருக்கிற இடத்தில் குழைத்துக் குழைத்து அப்பினான். வாரும் தெரியவில்லை, துளையும் தெரியவில்லை. அதன் மேல் குங்குமம் வைத்தான்.

"என்ன மாப்ள, கல்யாணப் பொண்ணுக்குக்கூட இம்புட்டு வைக்க மாட்டாக" என்றேன்.

"அந்த எடத்துக்குத்தான் மச்சான் சாமி வேணும்" என்றான்.

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குள் நல்ல நேரம் என்று குறித்திருந்தார்கள். அதற்குள் மறுபூசை முடித்து, எஞ்சினைக் கிளப்பி, முதல் நெல்லைப் போட்டுவிட வேண்டும். முதல் முறம் நெல்லைச் சுமங்கலி ஒருத்தி கையால் கொட்ட வேண்டும் என்பது முதலாளி வீட்டு வழக்கம். ஒவ்வொரு வருஷமும் யாரையாவது கூப்பிடுவார்கள். அந்த வருஷம் முதலாளியம்மாவின் கண்ணில் பட்டவள் முத்துத்தாய். அவள் முற்றத்தில் நெல் காயப்போடுகிறவள், எஞ்சின் கொட்டகைக்குள் வந்து நின்றவளே இல்லை. மஞ்சள் பூசிக் குளித்து, தலைக்குப் பூ வைத்து, முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். என்னைப் பார்த்து, மதினியும் வந்திருக்கலாமே அண்ணே என்று கேட்டாள். என் பெண்டாட்டி அன்னக்கொடி இரண்டு நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தாள். முத்துத்தாயின் முகத்தில் அன்றைக்கு ஒரு தெளிவு இருந்தது. பூசைக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

நெல் கொட்டும் தொட்டி பெல்ட்டிலிருந்து மூன்று முழத்தில் இருந்தது.

கற்பூரம் காட்டி முடித்ததும் தவசி குத்தூசியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். நான் எஞ்சினின் மண்டைக்குக் கீழே ஊது விளக்கை வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். அந்த எஞ்சினுக்கு மண்டை சிவக்கச் சிவக்கக் காய்ந்தால்தான் உயிர் வரும், அது காய்ந்து முடிகிற பதத்தில் இருந்தது. வாசலில் முதலாளி கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முத்துத்தாய் முறத்தோடு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"மச்சான், தச்சுட்டுக் கெளப்புவமா?" என்று தவசி தணிந்த குரலில் கேட்டான்.

என் வாயிலிருந்து வந்த வார்த்தையை நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை. "நேரம் போயிரும் மாப்ள. ஒரு மணி நேரம் ஓட்டிட்டு நிப்பாட்டுறேன், அப்பறம் தச்சுக்க" என்றேன்.

அவன் பெல்ட்டிடம் திரும்பிப் போனான். வழக்கம் போல வீலைச் சுற்றி, உள்ளங்கையில் பெல்ட்டை ஓடவிட்டான், வளைத்தான், பார்த்தான். தையல் வந்தது. சந்தனம் காய்ந்து ஓடு கட்டியிருந்தது. அதைச் சுரண்டினால்தான் துளை தெரியும். சாமிக்கு வைத்த சந்தனத்தை, நல்ல நேரத்தில், அத்தனை பேர் பார்க்க, யார் நகத்தால் சுரண்டுவது? அவன் அதை விரலால் தொட்டான். கண்ணில் ஒற்றிக்கொண்டான். என்னைப் பார்த்துத் தலையாட்டினான்.

நான் கிளப்பினேன். பெல்ட் முதலில் சும்மா சுற்றும் புல்லியில் ஓடியது. சந்தனம் பொடிப் பொடியாகப் பறந்து கொட்டகை முழுக்க மணத்தது. தவசி கம்பால் தள்ளிப் பெல்ட்டை, மெஷினை இழுக்கிற வேலைப் புல்லிக்கு ஏற்றினான். பெண்கள் குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்தில் தையலின் சத்தம் என் காதில் விழவில்லை. முத்துத்தாய் முறத்தைச் சாய்த்தாள். நெல் உள்ளே இறங்கியது, மெஷின் இழுத்தது, எஞ்சின் உதைத்தது.

துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். நான் எண்ணெயை அடைத்து எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பியபோது முறம் உத்தரத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. முத்துத்தாய் சுவரோரம் கிடந்தாள். பெல்ட்டின் முனை அவளை மார்பிலிருந்து அடிவயிறு வரை விளாசியிருந்தது. தவசி அவள் தலையை மடியில் எடுத்து வைத்தபோது மூச்சு இருந்தது. வண்டி கட்டுமுன் அது நின்றுவிட்டது.

அவளுக்கு அடி பட்ட இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் வெளியே வரவில்லை. எல்லாம் உள்ளுக்குள். ஆனால் சேலையின் கீழ்ப்பக்கம் நனைந்து தரையில் ஊறியது. சுற்றி நின்ற பெண்கள் அதைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் முதலில் சொன்னது என்று எனக்குத் தெரியாது. நான் தலையை நிமிர்த்தியபோது அந்த வார்த்தை கொட்டகையைத் தாண்டி முற்றத்துக்குப் போயிருந்தது. வீட்டுக்குத் தூரமாய் இருந்தவள், மறைத்துக்கொண்டு பூசைக்கு வந்துவிட்டாள். தீட்டு. மெஷின் பலி கேட்டுவிட்டது.

சாயங்காலத்துக்கு முன் போலீஸ் ஏட்டு வந்தார். முதலாளி நடுங்கிப் போயிருந்தார். பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. கண்முன்னால் கிடைத்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார், வெள்ளத்தில் போகிறவன் முள்மரத்தையும் பிடிப்பான். எல்லாப் பூசையும் முறையாகச் செய்தோம் அய்யா, அந்தப் பொண்ணு இப்படிப் பண்ணிவிட்டது என்றார். ஏட்டும் நம்பினார். அவரும் தம் வீட்டில் ஆயுதத்துக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தவர்தானே. பெல்ட் எப்படி இருந்தது என்று தவசியிடம் கேட்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் தவசி.

உன் பெண்டாட்டி தூரமாய் இருந்தாளா என்று கேட்டார். தவசி தரையைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்று தலையை மெல்ல ஆட்டினான். அடுத்து ஏட்டு என் பக்கம் திரும்பினார். பெல்ட்டில் சத்தம் ஏதும் இல்லை என்று நானும் சொன்னேன்.

அப்போது என்னையும் ஆறுதல்படுத்தியது அந்தத் தீட்டுக் கதைதான். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். ஏழு துளையில் மூன்று போனதால் என் தங்கச்சி செத்தாள் என்பதைவிட, அவளே செய்த பிழையால் செத்தாள் என்பது எனக்கு இலேசாக இருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்னக்கொடி காய்ச்சலோடு எழுந்து வந்து அவளைக் குளிப்பாட்டினாள். காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு என் எதிரில் உட்கார்ந்தாள். அழவில்லை.

"அவளுக்குத் தீட்டுமில்ல, ஒண்ணுமில்ல. மூணு மாசம். அடி பட்டுக் கலைஞ்சிருக்கு. இந்தக் கையாலதான் கழுவுனேன்" என்றாள்.

மறுபூசையன்று முத்துத்தாயின் முகத்தில் பார்த்த தெளிவு எதற்கு என்று அப்போது விளங்கியது. மூன்று மாசம் தாண்டாமல் வெளியே சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"தவசிக்குத் தெரியுமா?" என்றேன்.

"புருசனுக்குத் தெரியாமயா?" என்றாள். "பெல்ட்டு கிழிஞ்சு கெடக்குன்னு நீ இங்க வந்து பொலம்புனியே, அதை ஏட்டுகிட்டச் சொன்னியா?" என்று கேட்டாள். நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன். "ரெண்டு உசுருக்கு ஒரு பொய் போதும்னு வச்சுக்கிட்டீகளாக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஒன்பதாம் நாள் மில்லைத் திறந்தார்கள். அழகர்கோவில் மலையிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து கொட்டகையெல்லாம் தெளித்தார்கள். வாசலில் கிடா வெட்டினார்கள். இனிமேல் பொம்பளையாள் யாரும் எஞ்சின் கொட்டகை வாசலை மிதிக்கக் கூடாது என்று முதலாளி எல்லாரையும் நிறுத்திவைத்துச் சொன்னார். பிறகு தவசியைப் பார்த்து, அவசரமில்லை, நிதானமாகத் தைத்துவிட்டுச் சொல் என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரத்துக்கு நேரம் கிடைத்தது. தவசி பத்திரப்படுத்திய முழத் தோலை எடுத்தான், வாரை ஊறவைத்தான், கெட்டதை வெட்டினான், துண்டைச் சீவி ஒட்டினான், பக்கத்துக்கு ஏழு துளை போட்டான். அரை நாள் ஆயிற்று. அந்த அரை நாளில் ஒரு நெல் முளைத்துவிடவில்லை, ஒரு சர்க்காரும் கவிழ்ந்துவிடவில்லை.

அவன் கடைசி முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தபோது அன்னக்கொடி வந்தாள். கொட்டகை வாசலை மிதித்து உள்ளேயே வந்துவிட்டாள். முற்றத்துப் பெண்கள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். முதலாளி எழுந்து நின்றார்.

"என் நாத்துனா தீட்டோட வரல மொதலாளி. அவ மூணு மாசம் முழுகாம இருந்தவ. கழுவுனவ நான். கட்டுனவன் அந்தா இருக்கான், கேளுங்க" என்றாள்.

தவசியின் கையிலிருந்து குத்தூசி விழுந்தது. அதுவே பதில். முதலாளியின் முகம் கறுத்தது. உண்மை உள்ளே இறங்குகிறது என்று நான் நினைத்தேன். அப்போது எனக்கு வந்தது பயமா ஆசையா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"அடப்பாவி மகளே. புள்ளத்தாச்சி எஞ்சின் பக்கம் வரலாமா? அதான் மெஷினு ரெண்டு உசுரையும் சேத்து எடுத்துருச்சு" என்றார் நல்லகாமன்.

முற்றத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஆமாம், அதுதானே, வரலாமா. தீட்டு போய் அந்த இடத்தில் இது உட்கார்ந்துகொண்டது. செத்தவள்தான் மறுபடியும் குற்றவாளி.

அன்னக்கொடி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பெல்ட்டைப் பற்றி அவள் சொன்னால் பொம்பளைப் பேச்சு, எஞ்சின் டிரைவர் சொன்னால் சாட்சி. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் வாயை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றாள். தவசியும் பார்த்தான். சொல் என்கிறானா, சொல்லாதே என்கிறானா என்று அவன் கண்ணிலிருந்து எனக்குப் பிடிபடவில்லை.

நான் குனிந்து ஊது விளக்கைப் பற்றவைத்தேன்.

மண்டை சிவக்க எப்போதும் ஆகிற நேரம்தான் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவள் நின்றாள். எஞ்சின் கிளம்பியதும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வெளியே போனாள். தவசி கம்பால் தள்ளிப் பெல்ட்டை ஏற்றினான். தையல் புல்லியில் ஏறி இறங்கியது. அவன் அங்கிருந்தே, சத்தம் எப்படி இருக்கிறது என்று என்னிடம் கையால் கேட்டான்.

ஒற்றை 'டக்'. நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினேன்.